மீன் வறுவல் நோன்பில் சேருமா? – வாசகர் கேள்வி பதில்

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்புக் காலமான தவக்காலம் நெருங்கினால் நோன்பு, பொருத்தனை, இச்சையடக்கம் பற்றிய கடிதங்கள் குவிந்துவிடும். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டோம். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என எல்லாத் தரப்பினரும் எழுதியிருப்பதால், எந்த விதி யாருக்கு என்பதை ஆங்காங்கே சொல்லியிருக்கிறோம்.

தவக்காலத்தில் எங்கள் வீட்டில் கறி, கோழி கிடையாது, மீன் உண்டு. "மீனும் அசைவம்தானே அத்தை" என்கிறாள் மருமகள். திருச்சபைச் சட்டப்படி எது சரி?
– வாசகி, தூத்துக்குடி

சட்டப்படி நீங்கள் செய்வது சரி. ஆனால் மருமகள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

நம் பாட்டிமார் சுத்தபோசனம் என்றும் ஒருசந்தி என்றும் இரண்டாகப் பிரித்துச் சொன்னவை இப்போது ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. சுத்தபோசனம் என்றால் இறைச்சி தவிர்ப்பது. விலங்கு, பறவை இவற்றின் இறைச்சிதான் இதில் விலக்கு. மீன், முட்டை, பால் விலக்கல்ல. ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரே ஒரு முழுச் சாப்பாடு. காலையிலும் மாலையிலும் சிறிதளவு உண்ணலாம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டு நாட்களில் மட்டுமே இரண்டும் சேர்ந்து கட்டாயம். மற்ற வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் மட்டும். 14 வயது நிறைந்த எல்லாருக்கும் சுத்தபோசனம் பொருந்தும். ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களுக்கு, 60ஆவது வயது தொடங்கும்வரை. நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விலக்கு உண்டு. ஆக, நாற்பது நாளும் கறி விடுவது உங்கள் குடும்பத்தின் நல்ல வழக்கம். சட்டம் அவ்வளவு கேட்கவில்லை.

பலர் அறியாத ஒன்று: வெள்ளிக்கிழமைத் தவம் ஆண்டு முழுவதற்கும் உரியது, தவக்காலத்துக்கு மட்டுமல்ல. மாற்றாக வேறு தவச்செயலையோ அறச்செயலையோ வைக்க ஆயர் பேரவைக்கு அதிகாரம் உண்டு. உங்கள் மறைமாவட்டத்தில் என்ன நடைமுறை என்று பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெருவிழா வெள்ளிக்கிழமையில் வந்தால் அன்று சுத்தபோசனம் இல்லை. மார்ச் 19 புனித சூசையப்பர் திருநாளும் மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாளும் சில ஆண்டுகளில் அப்படி அமைவதுண்டு.

இனி மருமகளின் கேள்வி. கோழியை விட்டுவிட்டு அதைவிட விலை கூடிய வஞ்சிரத்தை வறுத்து அடுக்கினால் சட்டம் மீறப்படவில்லை. ஆனால் தவம் என்று சொல்லிக்கொள்ள அதில் எதுவும் மிச்சமில்லை. பனீர் பிரியாணிக்கும் இதே பதில்தான். எசாயா 58 கேட்கிற நோன்பு, பசித்தவனோடு உணவைப் பகிர்வது. அதனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமாக வாரத்துக்குக் கறிக்கு ஆகும் தொகையை ஒரு உறையில் தனியே எடுத்து வைத்து, வெள்ளியன்று மலிவான சாப்பாடாகச் சமையுங்கள். கஞ்சியும் துவையலும் போதும். உறை பெரிய வெள்ளிக்கு முன் யாருக்குப் போகிறது என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். முடிவு செய்யாத உறை ஈஸ்டர் துணிமணிச் செலவில் கரைந்துபோகும்.

இரட்சிப்பு கிருபையினால் என்று நம்புகிறவர்கள் நாங்கள். இச்சையடக்கம் ஆவியின் கனி என்று கலாத்தியர் 5 சொல்கிறது. கனி என்றால் தானாக வரவேண்டும். பிறகு ஏன் இந்தப் பயிற்சியெல்லாம்?
– வாசகர், பாளையங்கோட்டை

கனி என்று எழுதிய அதே பவுல்தான் 1 கொரிந்தியர் 9இல், பந்தயத்துக்குப் போராடுகிற யாவரும் எல்லாவற்றிலும் இச்சையடக்கமாயிருப்பார்கள் என்று சொல்லி, தன் சரீரத்தை ஒடுக்கிக் கீழ்ப்படுத்துவதாகவும் எழுதினார். அவருக்கு இரண்டும் முரணாகப் படவில்லை. தீத்து 2:11, 12ஐப் பாருங்கள்: இரட்சிப்பைத் தருகிற அதே கிருபைதான் லௌகிக இச்சைகளை வெறுத்துத் தெளிந்த புத்தியோடு ஜீவிக்கும்படி போதிக்கிறது. போதிக்கிறது என்றால் மாணவனுக்கு வீட்டுப்பாடம் இருக்கும்.

உங்கள் பயத்துக்கும் வேதத்தில் இடம் உண்டு. "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" என்கிற கட்டளைகள் ஞானம் போலத் தெரிந்தாலும் மாம்சத்தை அடக்க உதவாது என்று கொலோசெயர் 2 சொல்கிறது. பயிற்சி எந்தப் பக்கம் சாய்கிறது என்று அறிய எளிய சோதனை ஒன்று: உபவாசம் இருக்கும் நாளில் வீட்டார்மேல் எரிந்துவிழுகிறீர்களா, உபவாசம் இராத சகோதரரைக் கீழாக நினைக்கிறீர்களா? ஆம் என்றால் அந்த உபவாசத்தைக் குறையுங்கள். கலாத்தியர் பட்டியல் அன்பில் தொடங்குகிறது. அன்பைத் தின்று வளர்கிற அடக்கம் அந்தப் பட்டியலைச் சேர்ந்ததாக இருக்க முடியாது.

பிள்ளைகளிடம் தினமும் கத்திவிடுகிறேன். இரவில் அழுது ஜெபிக்கிறேன். மறுநாள் மாலை மறுபடி அதேதான். என்ன செய்ய?
– ஆசிரியை, மதுரை

"இனிமேல் கோபமே படமாட்டேன்" என்று இரவில் எடுக்கிற தீர்மானம்தான் முதல் தடை. அது நிறைவேறாது, நிறைவேறாதபோது, ஜெபமும் பலிக்கவில்லை என்ற எண்ணம் வந்து சேரும். "கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்" என்றுதான் எபேசியர் 4:26 சொல்கிறது. கோபம் வருவது வேறு, கத்துவது வேறு. நீங்கள் கைவைக்க வேண்டியது இரண்டாவதில்.

முதல் மூன்று நாள் எதையும் மாற்றவேண்டாம். எத்தனை மணிக்கு, யாரிடம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று மூன்றே சொல்லில் குறித்துவையுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, அடுப்பையும் வீட்டுப்பாடத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கிற அந்த ஆறு மணி முதல் எட்டு மணி வரைதான் பெரும்பாலும் பட்டியலில் நிற்கும். அப்படியானால் ஐந்தரைக்கு நீங்கள் ஒரு கிண்ணம் சுண்டலாவது சாப்பிட்டுவிட்டு, வீட்டுப்பாடத்தைச் சமையலுக்குப் பின்னால் தள்ளுங்கள். இதில் பக்தி எங்கே என்று கேட்கலாம். பசியும் களைப்பும் சேர்ந்த நேரத்தில் சோதனையை வரவழைத்துவிட்டு "சோதனைக்குட்படப் பண்ணாதேயும்" என்று ஜெபிப்பது பொருத்தமாக இல்லையே.

அடுத்து, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் வகுத்த தனி ஆய்வு. எந்தச் சபையாரும் பயன்படுத்தலாம். ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்ளவேண்டும். உதாரணமாக, 'வீட்டுப்பாட நேரத்தில் குரல் உயர்த்துவது.' காலையில் எழுந்ததும் அந்த ஒன்றைக் குறித்துத் தீர்மானம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை கடந்த நேரத்தைத் திரும்பிப் பார்க்கவேண்டும். நோட்டில் நாளுக்கு இரண்டு கோடு. விழுந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி. விழுந்த அந்தக் கணத்திலேயே, பிறர் கவனிக்காதபடி கையை நெஞ்சில் வைத்து மன்னிப்புக் கேட்பது இந்த முறையின் உயிர்நாடி. இரவில் மதியத்தோடும், இன்றை நேற்றோடும், இந்த வாரத்தைப் போன வாரத்தோடும் ஒப்பிடவேண்டும்.

முதல் வாரத்தில் பலருக்குப் புள்ளி கூடும். கோபம் கூடியதால் அல்ல. முன்பு கவனிக்காததை இப்போது கவனிக்கிறீர்கள். இங்கேதான் பாதிப்பேர் நோட்டை மூடிவைத்துவிடுகிறார்கள். கோபத்தோடு சேர்த்துப் புறம்பேசுவதையும் காலையில் தாமதமாக எழுவதையும் ஒரே நோட்டில் ஏற்றுவது இன்னொரு தவறு. ஒன்று முடிந்து, இரண்டு வாரமாவது நிலைத்த பிறகே அடுத்தது.

பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும்போது "ஆனா நீயும்..." என்ற சொல் வரக்கூடாது. "நான் கத்தினது தப்பு" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். பாடத்தைப் பற்றிய பேச்சு அரைமணி கழித்து.

தனியாக எங்காவது போய்விட்டால் சாந்தம் வந்துவிடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எகிப்தியப் பாலைவனத் துறவிகளிடம் பயின்ற கசியான் இதைப் பற்றிச் சொன்னது சுவாரசியம்: ஆளே இல்லாத பாலைவனத்தில் இருந்தபோதும் எழுதுகிற நாணல் தடிமனாக இருந்ததென்று அதன்மேலும், கத்தி மழுங்கியதென்று கத்தியின்மேலும் அவருக்குக் கோபம் வந்ததாம்.

விடுதியில் தங்கிப் படிக்கிறேன். இரவில் போனில் ஆபாசப் படங்கள் பார்க்கும் பழக்கம். ஒவ்வொரு முறையும் மனந்திரும்புகிறேன். ஒரு வாரம் தாண்டுவதில்லை.
– மாணவர், கோயம்புத்தூர்

பவுல் இதில் நின்று போராடச் சொல்லவில்லை, "விலகியோடுங்கள்" என்கிறார் (1 கொரிந்தியர் 6:18). யோசேப்பும் போத்திபாரின் மனைவியோடு நின்று விவாதித்துக்கொண்டிருக்கவில்லை. வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். மனவலிமையைச் சோதித்துப் பார்க்கும் இடமே இது இல்லை. இரவு பதினொரு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்கும் தீர்மானத்தைவிட, மாலை ஏழு மணிக்குச் செய்கிற ஏற்பாட்டுக்கே பலம் அதிகம்.

போனுக்குப் படுக்கையிலிருந்து எழுந்து போனால்தான் எட்டுகிற இடம் வேண்டும். முடிந்தால் அறை நண்பரின் மேசையில் சார்ஜ் போடுங்கள். அலாரத்துக்கு மலிவான கடிகாரம் ஒன்று வாங்கிவிடுங்கள், "அலாரத்துக்காகத்தான்" என்ற சாக்கு அதோடு தீரும். எந்தச் செயலி வழியாக வழுக்கத் தொடங்குகிறீர்கள் என்று பாருங்கள். நேராக அந்தப் படத்துக்குப் போகிறவர்கள் குறைவு. சும்மா ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருப்பதில் தொடங்கும். அந்தச் செயலியைப் போனிலிருந்து நீக்கிவிட்டு, தேவைப்பட்டால் கணினியில் பகலில் பாருங்கள். தடுப்பு மென்பொருள் போட்டால் அதன் கடவுச்சொல் உங்களிடம் இருக்கக்கூடாது.

காலியாக விட்ட நேரம் பழையதைக் கூட்டிவரும். அசுத்த ஆவி திரும்பிவந்தபோது வீடு பெருக்கி ஜோடித்து, ஆனால் வெறுமையாக இருந்தது என்று மத்தேயு 12இல் இயேசு சொன்னதில் கவனிக்கவேண்டியது அந்த வெறுமைதான். பத்தரை மணிக்கு அந்த இடத்தில் என்ன வரும் என்று எழுதிவையுங்கள்: இறகுப்பந்து, குளியல், ஒரு சங்கீதம், தூக்கம், எதுவானாலும் குறிப்பாக.

விழுந்தால் அடுத்த மணி நேரம்தான் முக்கியம். "இன்றைக்குக் கெட்டுவிட்டது, நாளையிலிருந்து பார்ப்போம்" என்ற எண்ணம் ஒரு வீழ்ச்சியை ஐந்தாக்கும். உடனே எழுந்து, முகம் கழுவி, ஒரு வரி ஜெபம் சொல்லிவிட்டுப் படுங்கள். பிறகு, ஒரு ஆளிடமாவது சொல்லியாகவேண்டும் (யாக்கோபு 5:16). கத்தோலிக்கராயின் குருவிடம் பாவசங்கீர்த்தனம், அங்கே சொன்னது எக்காரணம் கொண்டும் வெளியே வராது. மற்றவர்கள் வயதில் மூத்த, வாய் காக்கத் தெரிந்த ஒரு சகோதரரிடம் சொல்லலாம். ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் மட்டும் சாட்சியாகப் போடவேண்டாம்.

என் கணவர் பத்து வருடமாகத் தினமும் குடிப்பவர். இந்தத் தவக்காலத்தில் வேளாங்கண்ணி மாதாவுக்கு மாலை போட்டு ஒரேயடியாக நிறுத்தப்போவதாகச் சொல்கிறார். போன வருடம் இப்படி நிறுத்தியபோது கை நடுங்கி, மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்தினார். பேய் என்றார்கள்.
– வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பேய் இல்லை. மதுவுக்குப் பழகிய மூளை அது திடீரென்று நின்றதும் காட்டுகிற கொந்தளிப்பு. கடைசிக் குடிக்குப் பின் ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாதது தெரிவது, இடம் புரியாமல் உளறுவது, காய்ச்சல் என்று முற்றலாம். இது உயிருக்கே ஆபத்து. போன வருடம் ஒருமுறை அப்படி ஆனவருக்கு இந்த முறையும் ஆகும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே மாலை போடும் தேதிக்கு முன்பே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ போதை மீட்பு மையத்துக்கோ அழைத்துப் போங்கள். போன வருடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் நிலைக்கு உள்நோயாளியாகச் சேர்த்து, சில நாட்கள் மருந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். வைட்டமின் பி1 கண்டிப்பாகத் தருவார்கள். வழி தெரியாவிட்டால் 14446 போதை மீட்பு உதவி எண், 14416 மனநல உதவி எண் இரண்டும் கட்டணமில்லாதவை. மருத்துவமனைக்குப் போனால் நேர்ச்சை முறிந்துவிடுமோ என்று பயப்படவேண்டாம். குடிக்காமல் இருப்பதுதானே நேர்ச்சை. அதற்கு மருத்துவர் துணை செய்கிறார்.

ஒரு எச்சரிக்கை. அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கப்படும் மருந்துகளை வாங்காதீர்கள். சிலவற்றில் டைசல்ஃபிராம் இருக்கக்கூடும். அது உடலில் இருக்கும்போது குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகும் அளவுக்குப் போகலாம். மருத்துவர் பார்வையில், நோயாளி அறிந்து சம்மதித்து எடுக்கவேண்டிய மருந்து அது.

நாற்பது நாள் தாண்டியவர்கள் விழுகிற இடம் ஈஸ்டர் ஞாயிறு மதியம். "விரதம் முடிந்தது" என்று உறவினர் கிளாஸ் நீட்டுவார். நிறுத்தி வைத்திருந்த உடம்புக்குப் பழைய அளவும் தாங்காது. அன்று எங்கே சாப்பாடு, யார் உடன் இருப்பது என்று புனித வாரத்திலேயே பேசிவிடுங்கள். குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் பல ஊர்களில் நடக்கின்றன. குடும்பத்தாருக்கு அல்-அனான் உண்டு, அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். நற்கருணையில் இரசம் பருகும் வழக்கம் உங்கள் பங்கில் இருந்தால் அவர் அப்பம் மட்டும் பெற்றுக்கொள்ளட்டும். கத்தோலிக்கப் போதனைப்படி அதிலேயே கிறிஸ்து முழுமையாக இருக்கிறார்.

எங்கள் சபையில் 21 நாள் உபவாசம் அறிவித்திருக்கிறார்கள். எனக்குச் சர்க்கரை நோய், மாத்திரை எடுக்கிறேன். விசுவாசத்தோடு மாத்திரையை நிறுத்தலாமா?
– வாசகர், சேலம்

நிறுத்தக்கூடாது. 21 நாள் என்பது தானியேல் 10இலிருந்து வருகிறது. அங்கே தானியேல் மூன்று வாரம் ருசிகரமான அப்பத்தையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் விட்டார் என்றுதான் இருக்கிறது. பட்டினி கிடந்தார் என்று இல்லை. உங்களுக்கு உகந்த முன்மாதிரி அதுவே: மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, இனிப்பு, எண்ணெய்ப் பலகாரம், இறைச்சி இவற்றை விடுங்கள்.

அதற்கு மேல் வேளை தவிர்க்க விரும்பினால் ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் வெறும் வயிற்றில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கும். அளவையும் நேரத்தையும் அவர்தான் மாற்றவேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைகளில் வேறு சிக்கல்: நீண்ட பட்டினியில், சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். வியர்வை, படபடப்பு, நடுக்கம் வந்தாலோ கருவியில் 70க்குக் கீழே காட்டினாலோ அந்த நொடியே உபவாசத்தை முடியுங்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஆராதனை நடுவில் என்றாலும் இதேதான். சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும்.

நோயில்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. உபவாசத்தின் முதல் நாள் வரும் தலைவலி பல பேருக்குக் காப்பி நின்றதால் வருவது. ஒரு வாரம் முன்பிருந்தே இரண்டு நாளுக்கு அரை டம்ளர் என்று குறைத்து வாருங்கள். தண்ணீரை விடாதீர்கள். முடிக்கும்போது கஞ்சியோ இளநீரோ முதலில். உபவாசம் முடிந்ததும் சபை வாசலிலேயே பிரியாணிப் பொட்டலம் கொடுக்கிற வழக்கம் வயிற்றுக்கு நல்லதில்லை.

உபவாசம் ஒரு நாள் இருந்துவிடுவேன். ஆனால் கல்யாண வீட்டில், பிறந்தநாள் விருந்தில் அளவு தெரியாமல் போய்விடுகிறது. இதற்கு வழி?
– வாசகர், திருச்சி

உங்களுடையது பழைய சிக்கல். பாலைவனத் துறவிகள் நாளொன்றுக்கு இரண்டு சிறிய உலர் ரொட்டி, இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு ராத்தல், என்று வைத்திருந்ததாகக் கசியான் குறிக்கிறார். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்து பிறகு நிறைய உண்பதைவிட இந்தத் தினசரி அளவு கடினம் என்பதும் அவர்கள் அனுபவம். பட்டினிக்கு ஒரு பெருமிதம் கிடைக்கிறது. மூன்றாவது கரண்டி வேண்டாம் என்பதற்கு எதுவும் கிடைப்பதில்லை.

இஞ்ஞாசியார் சாப்பாட்டுக்கென்றே சில விதிகள் வைத்தார். அதில் மிகவும் உபயோகமானது: அடுத்த வேளை எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பசி இல்லாத நேரத்தில், அதாவது இந்த வேளை சாப்பிட்டு முடித்ததும் தீர்மானித்துவிடு. பந்தியில் உட்கார்ந்த பிறகு முடிவெடுத்தால் பரிமாறுகிறவர்தான் ஜெயிப்பார். சோறு, ரொட்டி போன்ற அடிப்படை உணவில் குறைப்பதைவிட, ருசியைத் தூண்டுபவற்றிலும் குடிக்கும் மதுவிலும்தான் கவனம் வேண்டும் என்கிறார். கல்யாண வீட்டுக்கு இதைப் பெயர்த்தால்: சாதம் வழக்கம்போல, இனிப்பு ஒன்று, இரண்டாம் முறை எதுவும் இல்லை என்று காலைச் சாப்பாட்டுக்குப் பின்னரே முடிவு செய்யுங்கள். "டயட்" என்றோ "நோன்பு" என்றோ அறிவிக்கவேண்டாம். இலையை மூடிவிட்டு எழுந்துவிடலாம்.

உபவாசம் இருப்பதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடலாமா?
– வாசகர், ஈரோடு

தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவச் சொன்னவர் (மத்தேயு 6:17) ஸ்டேட்டஸுக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார். சபையாகச் சேர்ந்து உபவாசிக்கும் தேதி, நேர அறிவிப்பைப் பகிர்வதில் தவறில்லை. எத்தனையாவது நாள் என்று எண்ணிக்கை ஏற்றுவதுதான் வேண்டாம்.

என் ஒன்பது வயது மகன் தவக்காலத்தில் சாக்லேட் விடுவதாகச் சொல்லியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிடலாமா என்று கேட்கிறான்.
– வாசகி, நாகர்கோவில்

சாப்பிடட்டும். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாள் வரும்; ஆறு ஞாயிறைக் கழித்தால்தான் நாற்பது. ஞாயிறு உயிர்ப்பின் நாள் என்பதால் அன்று நோன்பு வைப்பதில்லை. இந்த வயதில் சட்டப்படி அவனுக்கு எதுவுமே கட்டாயமில்லை; நோன்பின் பொருளைச் சொல்லிக்கொடுப்பது மட்டும் உங்கள் கடமை. சாக்லேட் காசை உண்டியலில் போடச் சொல்லி, அதை யாருக்குக் கொடுப்பது என்று அவனையே முடிவு செய்ய விடுங்கள். நடுவில் ஒரு புதன்கிழமை நண்பன் கொடுத்து வாயில் போட்டுவிட்டால் திட்டவேண்டாம், முதல் நாளிலிருந்து எண்ணவும் வைக்கவேண்டாம், மறுநாளிலிருந்து தொடரட்டும். ஆறு ஞாயிறுக்கும் சேர்த்து ஒரே ஞாயிறில் சாப்பிடலாமா என்று கேட்டால், கூடாது.